மூன்றாம் குழாய்க்கு எந்தப் பக்கம் மேலே

அக்டோபர் 6, திங்கள்

பைத்தியம் பிடிப்பதற்கு முன்னால் எழுதி வைத்துவிடலாம் என்று இந்த டைரியை எடுத்திருக்கிறேன். ஏதோ மருந்துக் கம்பெனி கொடுத்தது. ஜனவரியிலிருந்து மிக்ஸிக்கு அடியில் கிடந்தது.

விஷயம் இதுதான். கொடைக்கானலுக்கு மேற்கே காட்டுக்குள் ஆனைக்குழி என்று ஒரு சதுப்பு இருக்கிறது. போன வருஷம் அங்கே பிளாஸ்டிக் குழாய்களை இறக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு குழாய் சேறு எடுத்து வந்தோம். அடியில் இருப்பது பழைய சேறு, மேலே இருப்பது புதியது. கறுத்த சேறு என்றால் அந்தக் காலத்தில் நல்ல மழை, வெளுத்த சேறு என்றால் வறட்சி. உள்ளே மாட்டிக்கொண்ட மகரந்தத்தையும் பார்த்து உறுதி செய்துகொள்வோம். மழைமானி வருவதற்கு முந்தைய மழையை இப்படித்தான் படிக்கிறோம். சேற்றைப் படிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் அம்மா இன்றுவரை நம்பவில்லை.

இன்று என் ஆராய்ச்சி மாணவி ஷமீமா மொத்த அளவுகளையும் கோடாக வரைந்து மேஜையில் வைத்தாள். மூன்றாவது குழாயில் ஒரு விபரீதம். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் நன்றாகப் பெய்துகொண்டிருந்த மழை, ஒரு மனுஷ ஆயுசுக்குள் தடாலென்று விழுகிறது. விழுந்தது எழுந்திருக்கவே இல்லை, குழாயின் உச்சிவரை வெளுத்த சேறுதான்.

எங்கள் நிறுவனத்தின் மேல்மாடியில் சங்கரலிங்கம் இருக்கிறான். என் வீட்டுக்காரன். கம்ப்யூட்டருக்குள் பழைய காலத்து மழையைப் பெய்ய வைப்பது அவன் வேலை. சூரியன், எரிமலை, கடல் சூடு எல்லாவற்றையும் கணக்கில் கொடுத்தால் அவனுடைய மாடல் மழையைக் கொடுக்கும். அதே காலத்துக்கு அவன் மாடல் நேர்மாறாகச் சொல்கிறது. ரொம்ப நாள் குறைவாகவே இருந்து, பிறகு தடாலென்று ஏறுகிறதாம் மழை.

வீட்டில் தோசை சுடும்போது அவனிடம் சொன்னேன். "ஒஞ் சேறு குடிச்சிருக்குட்டி, உலகு" என்றான். அவனுக்கு நான் உலகு. "ஒங் கம்ப்யூட்டருக்கு மழைன்னா என்னன்னு தெரியுமா? பொறந்ததுலருந்து ஏசி ரூமுக்குள்ளயே கெடக்கு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். தோசை ஒன்று கருகிவிட்டது.

அக்டோபர் 8, புதன்

எதிர் ஃப்ளாட் சௌந்தரம் லிஃப்டில் பிடித்துக்கொண்டாள். "மேடம், நாளைக்கு மழை வருமா? ஸ்கூல் லீவு விடுவாங்களா?" நான் காலநிலை விஞ்ஞானி என்பது இந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய மழை வேண்டுமானால் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. இப்போது அதையும் சொல்ல முடியாத நிலை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று சங்கர் கேட்டான். அந்தக் காலத்தில் பெரிய எரிமலை வெடிக்கவில்லை, சூரியனும் மங்கவில்லை. அப்படியும் மழை நின்றிருக்கிறது என்றால், வெளியிலிருந்து எந்தக் காரணமும் வராமலே நம் மழை ஒரு தலைமுறைக்கு மேல் நின்று போகக்கூடும் என்று அர்த்தம். நடந்துபோன அந்த வறட்சி மாடலுக்குத் தெரியவில்லையென்றால், வரப்போகும் ஒன்றும் அதற்குத் தெரியாது. அதை நம்பித்தான் அணைக்கும் ஏரிக்கும் திட்டம் போடுகிறார்கள்.

"அல்லது ஒங் குழாய் தப்பு" என்றான் சங்கர், ரொம்ப மென்மையாக.

அக்டோபர் 11, சனி

எல்லா வழியிலும் சோதித்துவிட்டோம். மூன்றாவது குழாயின் இரண்டு முனையிலிருந்தும் கொஞ்சம் சேற்றை வயது பார்க்க அனுப்பியிருந்தோம். முன்னே பின்னே ஐம்பது வருஷம் என்று சொல்லித்தான் வயது தருவார்கள், அதனால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்திருக்கின்றன. எது மூத்தது என்று சொல்ல முடியாது. குழாய்களுக்கு நடுவே கொஞ்சம் சேறு நழுவிப் போனதால், மேலும் கீழும் உள்ள குழாய்களோடு ஒட்டிப் பார்க்கவும் வழியில்லை. அந்தப் பக்கத்துக் குழாய்களின் முனைகளும் நடுத்தரப் பழுப்பு. எந்தப் பக்கம் வைத்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரு பழுப்பு.

ஆனைக்குழி நினைவாகவே இருக்கிறது. சதுப்பின்மேல் பலகை போட்டு நின்றோம். மழை, அட்டைப்பூச்சி, ஷமீமாவின் பச்சை ரெயின்கோட். குழாயை மேலே இழுத்துப் பலகையில் கிடத்திவிட்டால் இரண்டு முனையும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்காக நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மேல் முனைக்குச் சிவப்பு மூடி போடுகிறவர் "சிவப்பு வானம்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இன்னொருவர் அடுத்த முனையைத் தொட்டுப் பார்த்து, கறுப்பு மூடி போட்டு, "கறுப்பு பூமி" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் குழாயை நகர்த்தக் கூடாது. முதல் தடவை கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டாம் குழாய்க்குள் அவர்களும் கத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

சங்கர் ஒரே ஒரு நாள் எங்களோடு வந்தான். மாடல்காரர்கள் சேற்றையும் பார்க்க வேண்டும் என்று நான்தான் இழுத்துப் போனேன். பலகையிலிருந்து கால் வழுக்கி முழங்கால்வரை உள்ளே போய்விட்டான். காலைப் பிடுங்கினோம், இடது ஷூவை ஆனைக்குழி வைத்துக்கொண்டது. இன்னும் ஆயிரம் வருஷம் கழித்து யாராவது குழாய் இறக்கினால் ஒரு ஷூ வரும், அதை வைத்து நம் காலத்து மழையைச் சொல்லுவார்கள் என்று ஜீப்பில் வரும் வழியெல்லாம் சிரித்தோம். ஒற்றைக் கால் செருப்பில்லாமல் கொடைக்கானல் ஓட்டலில் அவன் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று நிறுவனத்தில் கூட்டம். நான் குழப்பத்தை உள்ளபடியே சொன்னேன். சேறு இப்படிச் சொல்கிறது, மாடல் அப்படிச் சொல்கிறது, காரணம் தெரியவில்லை.

சங்கர் எழுந்தான். "ஒரு சின்ன யோசனை. மூணாவது குழாய மட்டும் தலைகீழாத் திருப்பிப் பாருங்க."

அவனே திரையில் என் கோட்டைத் திருப்பினான். மாடல் கோட்டின்மேல் கொண்டுவந்து வைத்தான். பொருந்தியது. சும்மா இல்லை, வளைவுக்கு வளைவு பொருந்தியது. டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். என் பக்கத்திலிருந்த ஷமீமாவின் பேனா கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை.

"அது முடியாது" என்றேன். "மூடி போடும்போது பதில் சொல்லாம நாங்க குழாய எடுக்கறதில்ல. மூணாவது குழாய்க்குப் பதில் சொன்னதே சங்கர்தான்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் திரையைப் பார்த்தான்.

"நானா? இல்லையே உலகு. நான் அன்னிக்கு மேல வரவே இல்ல. ரோட்டுல ஜீப்புகிட்டல்ல இருந்தேன். போன் பேசிட்டு."

மழையில் அவசரத்தில் இரண்டு மூடியையும் நானே போட்டிருக்கலாம், யாருக்கும் நடப்பதுதான் என்று டைரக்டர் சமாதானம் சொன்னார். நான் தலையாட்டினேன். ஏன் தலையாட்டினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 15, புதன்

இன்று எழுத வந்ததை எழுதவில்லை. ரசம் நன்றாக வந்திருந்தது.

அக்டோபர் 16, வியாழன்

ஷமீமாவிடம் கேட்டேன். அவள் அப்போது கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றாளாம்.

"ஒரு சத்தம் கேட்டுச்சு மேடம். ஆனா ரெயின்கோட் காது வரைக்கும் இருந்துச்சு. மழை வேற. யாரு சத்தம்னு…"

"ஆம்பளக் குரலா?"

பேனா மூடியைக் கழற்றி மாட்டினாள். "சார் இல்லங்கறாரே மேடம்" என்றாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. இந்தக் குழாய்தான் அவள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். சேறும் மாடலும் ஒத்துப்போனால் கட்டுரை உடனே வரும், டிசம்பரில் ஏட்டைச் சமர்ப்பித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் சதுப்பிலும் குளிர் அறையிலும் கிடக்க வேண்டும். வீட்டில் மாப்பிள்ளை பார்த்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தேன். செருப்பு அலமாரியின் அடித்தட்டில் சங்கரின் ஒற்றை ஷூ, வலது காலுடையது. அடியில் இன்னும் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், கறுப்பு. பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மேல்தட்டைத் துடைத்தேன்.

என் ஞாபகத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்தக் குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. கடைசி எழுத்தை இழுத்து, முடிவில் ஒரு சின்னச் செருமலோடு. இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருப்பதே சந்தேகத்துக்குரியது என்கிறான் சங்கர். மனசு வேண்டியதைச் செய்து வைத்துக்கொள்ளுமாம். இருக்கலாம்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய்க் குளியல், இட்லி, வாசலில் வெடிச் சத்தம். சங்கருக்கு நீலக்கரை வேஷ்டி நன்றாக இருந்தது. அத்தையிடம் போனில் பேசும்போது மட்டும் நான் அவனை "நீங்க" போட்டுப் பேசுவேன், அவன் பின்னால் நின்று பழிப்புக் காட்டுவான். இன்றும் காட்டினான்.

சாயங்காலம் செருப்பு எடுக்கப் போனபோது அந்த ஒற்றை ஷூவைக் காணவில்லை. கேட்டேன்.

"குப்பையில போட்டுட்டேன். ஒத்த ஷூவ வச்சு என்ன செய்ய?"

அதுவும் சரிதான்.

அக்டோபர் 24, வெள்ளி

சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. நேற்று ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடினேன். அடுப்படியில் நின்றபடி திடீரென்று அழுகை வந்துவிட்டது. அழுவதற்கு இதில் ஒன்றும் இல்லை, உப்புதானே.

சங்கர் வந்து தோளைப் பிடித்துக்கொண்டான். "எல்லாருக்கும் வாறதுதான் உலகு. கொஞ்சம் மறதி. வேலைய இவ்வளவு மண்டையில ஏத்தாத."

அவன் கை இதமாக இருந்தது. அப்போது ஒன்று தோன்றியது, எழுதிவிடுகிறேன். என் கை தவறிவிட்டது என்று நம்புவதுதான் இருப்பதிலேயே சுலபம். என் கை தவறியிருந்தால் ஒரு குழாயைத் திருப்பி வைத்தால் போதும், மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருக்கும்.

அக்டோபர் 29, புதன்

குழாயைத் திருப்பிவிட்டேன். கோப்பில்தான், கம்ப்யூட்டரில். உச்சி அடியானது, அடி உச்சியானது. ஒரு கட்டளை, ஒரு சொடுக்கு.

"மேடம், எதை வச்சுத் திருப்பினோம்னு எழுதட்டும்?" என்று ஷமீமா கேட்டாள்.

"மாடலை வச்சு."

"மாடலைச் சரிபாக்கத்தானே மேடம் நாம சேறு எடுத்தோம்?"

அவளை அதட்டினேன். அவள் மரியாதையாகத்தான் கேட்டாள், எனக்குத்தான் சுருக்கென்றிருந்தது. "களப்பணியின்போது நேர்ந்த பிழை திருத்தப்பட்டது" என்று எழுதச் சொன்னேன். யார் பிழை என்று எழுத வேண்டியதில்லை. படிப்பவர்களுக்கே தெரியும், களப்பணித் தலைவர் பெயர் முதலில் இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

கட்டுரையை அனுப்பிவிட்டோம். சங்கர் அல்வா வாங்கி வந்தான், எங்கள் ஊர் அல்வா இங்கே எங்கே கிடைக்கும், ஆனாலும் வாங்கி வந்தான். பூனாவில் இந்த மாதம் பெரிய மாநாடு. அதில் முக்கிய உரை அவனுடையது. பத்து வருஷமாகக் கட்டிய மாடலுக்கு முதல் தடவையாக ஒரு சேறு சாட்சி சொல்லப்போகிறது. அவன் முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்து நாளாயிற்று, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நிம்மதியாக இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது. நிம்மதியாக இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

விடாத மழை. நாளைக்குப் பள்ளி விடுமுறையா என்று சௌந்தரம் கதவைத் தட்டிக் கேட்டாள். கலெக்டரைக் கேளுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள், பாவம்.

சங்கர் கூடத்தில் நின்று உரையை ஒத்திகை பார்த்தான். நான் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "சேறும் மாடலும் தனித்தனியாக, ஒன்றையொன்று அறியாமல், ஒரே கதையைச் சொல்கின்றன" என்ற இடம் மட்டும் நன்றாகக் கேட்டது. கிரைண்டரை நிறுத்தினேன். பிறகு மாவு கெட்டியாகிவிடுமே என்று மறுபடி போட்டேன்.

பூனாவுக்குப் போட்டுக்கொண்டு போக அவனிடம் நல்ல ஷூ இல்லை. இந்த வாரம் நான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவன் கால் அளவு எனக்குத்தான் தெரியும்.

நவம்பர் 13, வியாழன்

மதியம் ஷமீமா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அவள் கதவைச் சாத்துகிறவள் அல்ல.

கட்டுரைக்குப் படம் வேண்டும் என்று குளிர் அறைக்குப் போயிருக்கிறாள். ஒவ்வொரு குழாயையும் நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சோதனைக்கு வெட்டித் தீர்த்துவிடுவோம், மறுபாதியைத் தொடாமல் சுற்றி வைத்துவிடுவோம். மூன்றாம் குழாயின் தொடாத பாதியை இன்றுதான் முதல் தடவை பிரித்து, மேல்பரப்பை வழித்துச் சுத்தம் செய்திருக்கிறாள்.

"நீங்களே வந்து பாருங்க மேடம். நான் சொல்ல மாட்டேன்."

போனேன். குளிரில் கை விறைத்தது. வெளுத்த சேற்றுக்கு நடுவே, அளவில் சுண்டைக்காய்போல, ஒரு கோரைக்கிழங்கு. எண்ணூறு வருஷத்துக் கிழங்கு, முளைத்த இடத்திலேயே இருக்கிறது. அதிலிருந்து தடித்த வேர்கள் புறப்பட்டு, பிரிந்து பிரிந்து, மயிரிழைபோல் மெலிந்து ஒரே திசையில் போயிருக்கின்றன. அதைத் தாண்டி இன்னொரு கிழங்கு. அப்புறம் இன்னொன்று. எல்லா வேரும் அதே திசையில்.

எல்லாம் கறுப்பு மூடியைப் பார்த்துப் போகின்றன.

நாங்கள் குழாயைத் திருப்பி வைத்து எழுதிய கட்டுரைப்படி அந்த வேர்கள் ஆகாயத்தைப் பார்த்து வளர்ந்திருக்க வேண்டும். எந்தக் கோரையும் அப்படி வளராது. மூடிகள் சரியாகத்தான் இருந்தன. அந்த மழை நிஜமாகவே நின்றிருக்கிறது.

"பாத்ததும் மூடி வச்சிடலாமான்னு தோணுச்சு மேடம்" என்றாள் ஷமீமா. மூக்கு சிவந்திருந்தது, குளிரா அழுகையா தெரியவில்லை. "டிசம்பர் போச்சு. வீட்டுல என்னைக் கொன்னுடுவாங்க."

அவளைக் கட்டிக்கொண்டேன். அன்று அதட்டியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்து, வேறு என்னவோ பேசினேன்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். என் கை தவறவில்லை. பிறகு ஏன் வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை? கூட்டத்தில் அவன் "ஜீப்புகிட்ட" என்று சொன்ன அந்த நிமிஷமே எனக்கு ஷூ ஞாபகம் வந்தது. ரோட்டில் நின்றவன் ஷூவைச் சதுப்பு எப்படி விழுங்கும்? மறுநாள் இங்கே எழுத வந்தது அதுதான். எழுதினால் படிக்க வேண்டியிருக்கும் என்று ரசத்தைப் பற்றி எழுதினேன்.

நவம்பர் 14, வெள்ளி

காலை. சங்கர் குளியலறையில் இருந்தான், வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பூனாவில் அவன் நண்பன் வீட்டுக்குக் கொடுக்க சிவப்பு மூடி ஒன்று, கறுப்பு மூடி ஒன்று என்று இரண்டு பாட்டிலில் நார்த்தங்காய் ஊறுகாய் நிரப்பிக்கொண்டிருந்தேன். சிவப்பு மூடியைத் திருகும்போது வாய் தானாகச் சொன்னது. வேண்டுமென்றே சொன்னேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"சிவப்பு வானம்!"

"கறுப்பு பூமீ…" உள்ளேயிருந்து வந்தது. கடைசி எழுத்தில் இழுவை, முடிவில் ஒரு செருமல்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

இது சாட்சி ஆகாது. வீட்டில் இதைச் சொல்லி எத்தனையோ தடவை விளையாடியிருக்கிறோம். ஆனால் அவன் உடனே குழாயை அடைத்தான். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"உலகு."

"என்ன?"

"அன்னைக்கு நான் அங்கனதான் நின்னேன்."

"தெரியும்."

"எப்பத்துலருந்து?"

"நீ ஜீப்புன்னு சொன்னதுலருந்து."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "பொய் சொல்லணும்னு எந்திரிக்கல உலகு. கோடு பொருந்திட்டு. அத்தன பேரும் வாயப் பொளந்து பாக்காங்க. நீ என்னயக் காட்டுத. வாயில அப்படி வந்துட்டு. நாளைக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னு… அதுக்குள்ள நீயே ஒந் தப்புன்னு சொல்ல ஆரம்பிச்சிட்ட. அப்புறம் எனக்கே குழம்பிட்டு. நெசமாவே ஜீப்புகிட்டதான் நின்னமோன்னு."

"குழம்பினவன் எதுக்கு ஷூவத் தூக்கிப் போட்ட?"

தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டான்.

எனக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. இத்தனை நாள் எங்கே இருந்ததோ. "எனக்கு மறதின்ன. நான் உப்புக்காக இங்கன நின்னு அழுதேன். புத்தி கெட்டுப்போச்சோன்னு பயந்து அழுதேன். நீ பாத்தேல்லா?"

"பாத்தேன்."

பொய் சொல்லியிருக்கலாம். கவனிக்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். பாத்தேன் என்றான். அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது, அவன் தலையைத் துவட்டிவிட வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. வேர்களைப் பற்றிச் சொன்னேன். கிழங்குகளின் படத்தைப் போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்தான். அந்த நேரத்தில் மட்டும் பழைய சங்கர், விஞ்ஞானி.

"சரியான வேரு" என்றான் கடைசியில். "செவ்வாக்கெழம பூனாவுல நான் என்ன சொல்ல?"

"ஒன் மாடலுக்கு ஒரு வறட்சி தெரியலன்னு சொல்லு."

"பத்து வருஷ வேலை உலகு."

"நம்ம கல்யாணம் அதுக்கும் முந்தி."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். நான் கறுப்பு மூடியைத் தேடினேன். கையிலேயே இருந்தது.

நவம்பர் 15, சனி

காலையில் முதல் வேலையாகக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி அனுப்பினேன். சங்கரின் பெயரும் அதில் இருப்பதால் அவனுக்கும் பிரதி போயிருக்கும். டைரக்டருக்கு வேர்களின் படத்தை அனுப்பி, திங்கட்கிழமை நேரில் விளக்குவதாகச் சொன்னேன். பூனாவில் சங்கர் என்ன சொல்லப்போகிறான் என்று என்னிடம் சொல்லவில்லை. நேற்று முழுக்க மாடல் கோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உரையை மாற்றுகிறானா, அப்படியே வெறித்துக்கொண்டிருக்கிறானா என்று எட்டிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

மதியம் ஷமீமாவும் நானும் குளிர் அறைக்குப் போனோம். மூன்றாம் குழாயை மறுபடி சுற்றி வைக்க வேண்டும். அவள் வீட்டில் சொல்லிவிட்டாளாம். அவள் வாப்பா "வேரு கீழதானே போவும், அதுக்கு நீ என்ன செய்வா?" என்று கேட்டாராம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இனிமேல்தான் கேட்பார்கள்.

நான் சிவப்பு மூடியைக் கையில் எடுத்தேன்.

"சிவப்பு வானம்" என்றேன்.

ஷமீமா கிட்டே வந்தாள். குனிந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, கிழங்கில் விரலை வைத்து, தொட்டும் தொடாமலும் வேரோடு கூடவே நகர்த்திக்கொண்டு போனாள். தன் பக்கத்து முனைவரை போய்ப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கறுப்பு மூடியைப் போட்டாள்.

"கறுப்பு பூமி, மேடம்."

வெளியே வந்தால் மழை விட்டிருந்தது. நாளைக் காலை அவனுக்கு ரயில். வழியில் ஷூக் கடை. ஒற்றைக் கால் செருப்பில்லாமல் அந்த ஓட்டலில் நடந்தவனை நினைத்தால் இன்று சிரிப்பு வரவில்லை, ஆனாலும் அவன் கால் அளவு மறக்கவில்லை. வாங்கினால் என்ன அர்த்தம், வாங்காவிட்டால் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஸீட்டின்மேல் டைரியை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே வரச் சொல்லிக் கடைக்காரப் பையன் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான்.